சாதிக்காய்க்கும் சாதிபத்திரிக்கும் நடுவனாக நின்றவன் விடுத்த ஓலை

தென்கரை நாடுடையவரும், ஏழ்துறை காவலரும், அப்பத்தின் மேலோடு கருகவிடாத குலத்தில் உதித்தவருமாகிய மாவேள் சேந்தனார் திருமுன், ஓலைநாயகம் ஆதன் கீரன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குடை நிழல் நீள்க. களஞ்சியத்தில் எலி நுழையாதொழிக.

மணமக்கள் இருவரும் பிய்த்துப் பகிர்ந்து உண்ணும் உறவப்பத்தில் நாம் சாதிக்காய் இடுவோம். மணமகன் நாட்டாராகிய வடகரையார் சாதிபத்திரி இடுவர். ஒருவர் அப்பத்தை மற்றவர் உண்ண மறுத்ததால் இளவரசியார் திருமணம் நின்றது. ஆற்றின் இருகரையிலும் படை நிற்கிறது. நா மரத்தவன் தீர்ப்பே செல்லும் என உடன்படிக்கை எழுதி, மனைவி இறந்தது முதல் எட்டு மாதமாக உப்பும் புளியும் அறியாத என்னை இரு வேந்தரும் நடுவனாக்கினீர்கள்.

நம் அப்பம் தச்சன் பட்டறையை நக்கியது போலிருக்கும் என்றார் வடகரைப் படைத்தலைவர் கோடனார். மூக்குக்கு விருந்து வைத்து வயிற்றை வாசலில் நிறுத்தும் நாடு அது என்றார் நம் மடைப்பள்ளித் தலைவி காரிநங்கையார். நான் சாதிக்கனி ஒன்றைப் பிளந்து காட்டினேன். உள்ளே நம் கொட்டை; அதன்மேல் செவ்வலையாக அவர்களது சாதிபத்திரி. வணிகர் பிரித்தே விற்றதால் இருவரும் முழுக்கனியைக் கண்டதில்லை. கனியைக் கைமாற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தனர். பின், உள்ளிருப்பவனே அரசன் என நம்மவரும், போர்த்தியிருப்பதே அரசாடை, உள்ளிருப்பவன் ஒளிந்திருப்பவன் என அவர்களும் வாள் உருவினர்.

ஆகவே உண்டேன். முதலில் நம் அப்பம்: வெறும் மாவு. அடுத்து அவர்களது அப்பம்: மாவு, பின் மிளகினும் மெலிந்த காரம், பின் நாரத்தைத் தோலின் மணம், மூக்கில் ஏறி நின்றது. நம்முடையதை மறுபடி கடித்தேன். அதே மணம்தான், தடித்து, இனித்து, அடிநாவில் தங்கியது.

வடகரை அப்பமே எனக்குப் பிடித்தது. பொய் எழுத இயலவில்லை. ஆயினும் சுவை தெரிந்துவிட்டதால் உடன்படிக்கைப்படி என் தீர்ப்பு செல்லாது. நா மரத்த வேறொருவரை அனுப்பியருள்க.

அதுவரை நாளும் இரண்டு அப்பம் என் கூடாரத்துக்கு வரவேண்டும் என வடகரை மடைப்பள்ளிக்குத் தங்கள் இலச்சினையிட்டு ஆணை விடுத்தேன். அந்த இலச்சினை அங்கே செல்லாது என்பதை அறிவேன். ஆயினும் அனுப்பினார்கள். பகைவர் வலிமையை அறியவேண்டும் என்று பதிலுக்கு நம் அப்பம் இரண்டு கேட்டார்கள். கொடுத்தேன். தட்டு வெறுமையாகத் திரும்பியது. இன்று நான்கு கேட்கிறார்கள்.

மணப்பந்தலைப் பிரிக்க வேண்டாம் என்று பணியாளருக்கு ஆணையிடுக.

இது கீரன் எழுத்து. இலச்சினைமேல் நெய்க்கறை உண்டு, பொறுத்தருள்க.