ஆரணி வதனியின் கிண்ணம்

அத்தை,

கிண்ணம் என் எதிரில், கணக்குப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் காரியம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாள், உங்கள் மகன் குமார் அண்ணன் இதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "வதனி அக்கா கிட்ட குட்த்துடு. நான் போனா அவங்களப் பாத்து அழுதுடுவேன்" என்றார்.

வதனி அன்ரியின் வீடு நம் தெருவிலேயே, கூப்பிட்டால் கேட்கிற தூரம். கொடுத்துவிட்டு வருவது ஒரு வேலையே இல்லை. ஆனால் கிண்ணம் காலியாக இருக்கிறது. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது நம் தெருவில் இல்லாத வழக்கம். ஒரு பிடி சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழம், ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டாவது தருவார்கள். இதில் எதைப் போடுவது? காலையிலிருந்து யோசிக்கிறேன். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மூக்கருகில் கொண்டுபோனால், நீங்கள் இதில் வாங்கி வாங்கி ஊறிப்போன வறுத்த மிளகாய்த்தூள் வாசனை. நன்றாகத் துலக்கித்தான் கொடுத்திருக்கிறார்கள். இருந்தும் அடிக்கிறது. அந்த வாசனையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றியபடி, புடவை முழுக்கப் பட்டு நூல் துணுக்கோடு, அடுத்து யார் வீட்டுக்குப் போய் என்ன கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டு.

தறி ஆடும் தெருவில் நான்தான் தறுதலை. பட்டு ஊரில் பிறந்தவள் பட்டாவது திருந்துவாளா என்று அம்மா கேட்பாள், பட்டும் திருந்தவில்லை. தெருவில் எல்லோருக்கும் பட்டப் பெயர் வைத்தவள் நான். தெருவுக்கே அத்தையான உங்களுக்கு வைத்தது 'கைமாத்து கலெக்டர்'. நீங்கள் கைமாற்றாக வாங்காத பொருள் நம் தெருவில் கிடையாது. காப்பித்தூள், வெல்லம், அரிவாள்மணை, குடை. அதிலும் பாத்திரம் எடுத்துக்கொண்டு போக மாட்டீர்கள். வெறுங்கையை வீசிக்கொண்டு போய், கொடுக்கிறவர்கள் கிண்ணத்திலேயே வாங்கிக்கொண்டு வருவீர்கள். நம் தெருப் பாத்திரங்களில் பாதி உங்கள் வீட்டு அலமாரியில்தான் குடித்தனம் செய்தன.

ஒரு நாள் உங்கள் வீட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதினேன்: 'கைமாத்து கலெக்டர் அலுவலகம். இங்கே மனு வாங்கப்படாது, கொடுக்கப்படும்.' எதிர்வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நீங்கள் திட்டப்போகும் திட்டுக்குக் காதைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தேன். நீங்கள் எழுத்துக் கூட்டிப் படித்தீர்கள். பிறகு சுவரைப் பார்த்தே கத்தினீர்கள்.

"ஏய் வாலு! எய்த்து நல்லா கீது. சாக்பீஸு மிச்சம் கீதா? இருந்தா குடு, கோலத்துக்கு ஆவும்."

கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் தோற்ற முதல் குறும்பு அதுதான்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது வதனி அன்ரியின் குடும்பம் நம் தெருவுக்கு வந்தது. ஊருக்கு வெளியே இருந்த இலங்கை அகதிகள் முகாமிலிருந்து, அனுமதி வாங்கி, ஒரு பின்கட்டு அறைக்கு வாடகைக்கு வந்தார்கள். அங்கிளுக்கு வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிற வேலை. சேத்துப்பட்டு, சந்தவாசல் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். மகள் தர்ஷி என் வகுப்பில் சேர்ந்தாள், என் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் அம்மாவை, நம் 'ஆன்ட்டி'யை விட்டு, அவர்கள் ஊர் வழக்கப்படி 'அன்ரி' என்று சொல்ல அவள்தான் கற்றுக்கொடுத்தாள். நான் என்ன சொன்னாலும் சிரிக்கிற ஒரே ஆள் வகுப்பில் அவள்தான். அப்படிப்பட்ட ரசிகை ஒருத்திக்குக் கிடைப்பது லேசா?

நம் தெரு நல்ல தெரு அத்தை, அதில் சந்தேகமில்லை. அவர்கள் வந்த அன்றைக்கே ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பழைய புடவை, பழைய பாய், காலையில் மிஞ்சிய இட்லி. என் அம்மா தன் பேர் வெட்டிய கிண்ணத்தில் எலுமிச்சைச் சாதம் வைத்து, "கிண்ணத்தையும் நீங்களே வெச்சிக்கோங்க" என்று பெருமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். கொடுத்த கையோடு கேள்வியும் கேட்டார்கள். "அங்க குண்டு போட்டாங்களாமே, நீ கண்ணால பாத்தியா?" "சொந்தக்காரங்க யார்னா செத்தாங்களா?" கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினார்கள். வதனி அன்ரி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் கதவு சாத்தியே இருக்க ஆரம்பித்தது. தட்டினால் தர்ஷி வந்து வாங்கிக்கொண்டு போவாள்.

ஒரு நாள் சாப்பாட்டு மணியில் தர்ஷி என் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாங்கள் திரும்ப காம்புக்குப் போயிடுவம் போல. அம்மா அப்பாட்ட சொல்லிட்டா."

"ஏன்டி? அந்தத் தகர ஷெட்டுலயா போயி இருப்பீங்க?"

"அங்க எல்லாரும் ஒரே மாதிரி. இங்க நாங்கள் மட்டும்தான் பாவம்."

  காம்புக்கு, அந்த முகாமுக்கே போனால் பள்ளிக்கூடமும் மாறும். பெஞ்சில் அவள் இடம் காலியாகும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அடப் பாவமே" என்றாள் அம்மா. அந்த 'பாவமே'தான் சிக்கல் என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கள் ராட்டையை விட்டு எழுந்து தெருவில் இறங்கினீர்கள். வழக்கமான வெறுங்கை. யார் வீட்டுக்கு என்று பார்த்தால், நேராகப் பின்கட்டுக்குப் போய் அந்தச் சாத்திய கதவைத் தட்டினீர்கள்.

"யம்மா வதனி! கொய்ம்பு கொதிச்சிகினு கீது. மொளகாத்தூள் ஒரு கரண்டி இருந்தா குடு. ஜல்தி!"

தெருவே திரும்பிப் பார்த்தது. என் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதுங்களே இல்லாம வந்து கீதுங்க. அங்க போயி கேக்குது பாரு. வெக்கம் மானம் கீதா?" என்று முணுமுணுத்தாள். எனக்கும் கூச்சமாக இருந்தது. நான் வைத்த பட்டப் பெயர் இவ்வளவு தூரத்துக்குப் பொருந்த வேண்டாமே என்றுகூட நினைத்தேன்.

கதவு திறந்தது. வதனி அன்ரியே வந்து நின்றார்கள். "எங்களிட்டயா கேக்கிறீங்கள்?"

"ஏன், உங்க ஊர்ல கொய்ம்புக்கு மொளகாத்தூள் போட மாட்டாங்களா?"

அன்ரி உங்களையே பார்த்தார்கள். பிறகு, "கொஞ்சம் பொறுங்கோ" என்று உள்ளே ஓடினார்கள். ஓடினார்கள் அத்தை, நான் பார்த்தேன். அந்த வீட்டிலிருந்து அதுவரை ஒருவரும் ஒன்றும் எடுத்துக்கொண்டு வெளியே வந்ததில்லை. நீங்கள் என் அம்மாவின் கிண்ணத்தில் கருஞ்சிவப்பாக ஒரு தூளை வாங்கிக்கொண்டு, தெருவைச் சட்டை செய்யாமல் நடந்து வந்தீர்கள்.

அது முடிந்த கதை என்று நினைத்தால், மறுநாள் காலையில் நீங்கள் தெருக் குழாயடியில் எல்லோருக்கும் நடுவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். அன்ரி குடத்தோடு வருகிறார்கள்.

"இன்னாம்மா குட்த்த நேத்து? மொளகாத்தூளா, வெடிமருந்தா? என் பையன் ஒரு வாய் வெச்சிட்டு தறி மேட்ல ஏறி ஆடுறான்! குடத்துத் தண்ணி முச்சூடும் குட்ச்சிட்டான்!"

குழாயடி அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குடும்பத்தின் முன்னால் தீபாவளிப் பட்டாசு என்றுகூட யாரும் வாய் திறக்காத நாட்கள் அவை. நீங்கள் வெடிமருந்து என்கிறீர்கள். என் அம்மா என் தோளைப் பிடித்து நசுக்கினாள்.

வதனி அன்ரி சிரித்தார்கள். முதலில் வாயை மூடிக்கொண்டு, பிறகு முடியாமல், குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "அது எங்கட தூள். சீரகம், சோம்பெல்லாம் வறுத்துப் போட்டு இடிக்கிறது. கொஞ்சமாத்தான் போடோணும். நீங்கள் முழுக்கக் கொட்டிட்டீங்களோ?"

"கரண்டி நெறைய குட்த்தா, கரண்டி நெறையதான் போடுவேன்! எப்டிப் போடணும்னு வந்து சொல்லித் தொலை."

அன்று மாலையே அன்ரி உங்கள் அடுப்படியில் நின்று குழம்பு வைத்துக் காட்டினார்கள். அதற்கு மறுநாள் நீங்கள் கொஞ்சம் புளி கேட்டுப் போனீர்கள். அதற்கடுத்து ஊசி. அந்தத் தெருவில் யார் எந்தக் கேள்வி கேட்டாலும், நீங்கள் மட்டும் 'என்ன நடந்தது' என்று கேட்டதில்லை. 'என்ன இருக்கிறது' என்று கேட்டீர்கள்.

உங்களைத் தனியாகப் பிடித்து ஒரு தடவை கேட்டேன். "அத்தை, அன்னிக்கு நெஜமாவே உங்க வீட்ல மொளகாத்தூள் இல்லியா?"

நீங்கள் தாரைச் சுற்றிக்கொண்டே சொன்னீர்கள். "இருந்துச்சோ இன்னாவோ, யாரு பாத்தா."

இன்றுவரை எனக்கு விடை தெரியாது. தெரியாமலேயே வியந்துகொண்டிருக்கிறேன்.

கிண்ணத்துக்கு வருகிறேன். அன்ரியிடம் வாங்கிய கிண்ணத்தை நீங்கள் திருப்பவே இல்லை. ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு பெரிய கடைத் தெருவில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவரிடம் போனீர்கள். கையில் பரணிலிருந்து எடுத்த பேர் போடாத புதுக் கிண்ணம்.

"இன்னா பேரும்மா?" என்றார் அவர், மெஷினைக் கையில் எடுத்தபடி.

"வதனின்னு போடு."

"இனிஷியலு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அங்கிளின் பேர் எனக்கும் சட்டென்று வாயில் வரவில்லை. சும்மா இருக்கிற வாயா என் வாய்? "ஆரணின்னு போடுங்கண்ணா. ஆரணி வதனி. சந்தமா வருதுல்ல?" என்றேன் விளையாட்டாக.

நீங்கள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தீர்கள். "சொல்ல வாய்க்கு ருசியாதான் கீது. போடுப்பா."

கிண்ணம் நிறைய வெல்லத்தோடு பின்கட்டுக்குப் போனோம். "உன் கிண்ணத்த எங்கியோ வெச்சிட்டேம்மா, பேஜாராப் போச்சு. இத வெச்சிக்கோ" என்று நீட்டினீர்கள். அன்ரி வெல்லத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தின் பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்தை விரலால் தடவிப் படித்தார்கள். அந்த வீட்டில் இருந்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் எங்கள் தெருப் பெண்கள் யாராவது ஒருத்தியின் பேர் இருந்தது. அன்ரியின் சொந்தப் பேர் போட்டது இது ஒன்றுதான்.

"பேருக்கு முன்னால சொந்த ஊரையெல்லோ போடுறது" என்றார்கள் மெதுவாக.

"அதான் போட்டுகீது" என்றீர்கள் நீங்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் காம்புப் பேச்சு வரவில்லை என்று தர்ஷி சொன்னாள். தறிக்குப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டும் காலைகளில், யாரும் கூப்பிடாமல் எல்லா வீட்டு ஆண்களும் வந்து பிடிப்பார்கள் இல்லையா? அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பாவுக்கு அங்கிளும் வந்து, பெயிண்ட் படிந்த விரல்களால் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? நீங்கள் 'எங்கியோ வெச்சிட்ட', அம்மா கொடுத்த அந்தக் கிண்ணம் ஒரு நாள் அவரைக்காய் நிரம்பி எங்கள் வீட்டு வாசற்படியில் இருந்தது. அது எப்படி வந்தது என்று அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் போன காலையைப் பற்றி உங்களுக்கே எழுதுவது வேடிக்கைதான். முந்தின நாள் வரைக்கும் தார் சுற்றினீர்கள். விடிந்தபோது எழுந்திருக்கவில்லை. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. என் வாயும் ஓடவில்லை.

வாய்க்கரிசி போடும் நேரத்தில், கலசப்பாக்கத்திலிருந்து வந்த உங்கள் உறவுக்காரப் பெரியவர் ஒருவர், "சொந்தக்காரங்க மட்டும் முன்னால வாங்க" என்று குரல் கொடுத்தார். நாங்கள் எல்லாம் ஒதுங்கினோம். வதனி அன்ரி ஒதுங்கவில்லை. முந்தானையால் மூடிய கிண்ணத்தோடு முன்னால் வந்து நின்றார்கள்.

"நீ எந்த வகையிலம்மா சொந்தம்?" என்றார் பெரியவர். அவர் கெட்டவரில்லை, தெரியாமல்தான் கேட்டார்.

அன்ரி திரும்பினார்கள். குமார் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்கள். "நேற்று அம்மா வந்து ஒரு பிடி பச்சையரிசி கேட்டவா. இருந்ததை ஊறப் போட்டுட்டன், நாளைக்குத் தாறன் எண்டு அனுப்பிட்டன்." முந்தானையை விலக்கினார்கள். 'ஆரணி வதனி' என்று பேர் வெட்டிய இதே கிண்ணம் நிறைய அரிசி. "கொண்டுவந்திருக்கிறன்."

குமார் அண்ணன் நகர்ந்து வழிவிட்டார். பிறகு, "குட்த்துடுங்கக்கா. கேட்டுட்டு வாங்காமப் போனதே இல்ல அம்மா" என்றார்.

முதல் பிடியை அன்ரிதான் போட்டார்கள். கேட்டு வாங்குவதைக் கேவலம் என்று நினைத்த நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரில் எத்தனையோ பேர் எவ்வளவோ கொடுத்தார்கள் அத்தை. ஒரு குடும்பத்தையே கையில் வாங்கிக்கொண்டவர் நீங்கள் ஒருவர்தான்.

நேற்று தர்ஷி வந்திருந்தாள். "அம்மா இப்பவும் அத்தை வாற நேரத்துக்குக் கதவைத் திறந்து வச்சிட்டு இருக்கிறா. ஒருத்தரும் ஒண்டும் கேட்டு வாறேல்ல" என்றாள்.

இந்தக் கிண்ணத்தில் என்ன போடுவது என்று காலையிலிருந்து யோசித்தேனே, இதை எழுதி முடிக்கும்போதுதான் உறைக்கிறது. கைமாத்து கலெக்டர் என்று பேர் வைத்தேனே தவிர, உங்கள் ஆபீஸ் வேலையைச் சரியாகக் கவனிக்கவில்லை. கிண்ணம் இங்கேயே கொஞ்ச நாள் இருக்கட்டும். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு கிளம்புகிறேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். "பட்ச்சிகினு இருந்தவ எங்கடி கெளம்பிட்ட?"

"வதனி அன்ரி வீட்டுக்கு. மொளகாத்தூள் வாங்கியாறேன்."

"ஏன்டி, நம்ம வீட்ல தீந்துடுச்சா?"

"இருக்குதோ இன்னாவோ, யாரு பாத்தா."