விழுந்த கோப்பை

கட்டுநாயக்க
14.06.2004

அம்மாவுக்கு, விஜயகலா வணக்கத்துடன் எழுதுவது. உங்களுக்கும் தங்கச்சிக்கும் சுகம்தானே? ஓப்பநாயக்கவில் மழை விட்டதா?

கையெழுத்து கோணலாக இருக்கிறதென்று பயப்படாதீங்க. மணிக்கட்டு அசையாமலிருக்கப் பட்டை போட்டிருக்கிறேன். கார்மென்ட்ஸில் இரண்டு தரம் கத்தரிக்கோல் கைநழுவி விழுந்தது. டாக்டரிடம் கை வலிக்கிறது என்றேன். அவர் என் விரல்களைத் தொட்டுப் பார்த்து, "ஹிரி வெட்டெனவாத?" என்றார். மரத்துப்போகிறதா என்று சிங்களத்தில் கேட்கிறார். ஆமாம் என்றேன். மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறதாம். பட்டையில் குறையாவிட்டால் ஊசி, அதிலும் குறையாவிட்டால் சின்ன ஒப்பரேஷன். வேறொன்றுமில்லை.

நீங்களும் கொழுந்து பறித்துவிட்டு வந்து கையை உதறுவீங்க. தோட்டத்து டிஸ்பென்சரியில் வலி என்றே சொன்னீங்க, தைலம்தான் கிடைத்தது. தங்கச்சியோடு பலாங்கொடை ஆஸ்பத்திரிக்குப் போங்க. வலி என்று சொல்லாதீங்க, ஹிரி என்று சொல்லுங்க.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம்ம தேயிலைத்தூள் கொஞ்சம் கொடுத்துவிடுங்க. தனியாகக் குடிக்கிற தேத்தண்ணியாவது நன்றாக இருக்கட்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. ஒன்று கேட்க வேண்டும். நான் வீட்டை விட்டு இங்கே புறப்பட்ட காலையில் நீங்க கோபத்தில் கோப்பையைப் போட்டு உடைத்தீங்க என்று நினைத்துத்தான், சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன். இரண்டு தீபாவளிக்கும் வரவில்லை. அந்தக் கோப்பை உங்க கையிலிருந்து தானாக விழுந்ததுதானே அம்மா?

மகள்
விஜயகலா