இரண்டு பக்கமும் பதினொரு சென்ரிமீற்றர்

என் அன்புக்குரிய பெரியண்ணை,

நீங்கள் கண்ணை மூடி இது மூன்றாவது மாரிக்குளிர். சொல்ல இருப்பதை ஒழுங்குபடுத்தினால்தான் எனக்குக் கை ஓடும். சிரிக்காதீர்கள்.

1. நீங்கள் கட்டிய கணப்பை ஏன் உடைத்தோம்.
2. மேற்சுவர் ஏன் விழவில்லை.
3. உடைப்பதைப் பார்த்தால் அண்ணி தாங்கமாட்டார்.

விறகுப் புகை அண்ணியின் நெஞ்சுக்கு இனி ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நெருப்பில்லாத அந்தக் கணப்பு அறையில் இருக்க முடியாமல் போன மாரி முழுக்கக் குசினிக்குள்ளேயே கிடந்தார். அதனால் காஸில் எரியும் புதுக் கணப்பு வாங்கினோம். அதன் அகலம் எழுபத்திரண்டு சென்ரிமீற்றர். பழைய புகைபோக்கியில் நீங்கள் திறந்த வாய் ஐம்பது. மூன்று தரம் அளந்தேன். நாலாம் தரமும் ஐம்பதுதான்.

வாயை அகட்டினால் மேலே உள்ள பாரமெல்லாம் இறங்கிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். மேசன் பூச்சைத் தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். வாய்க்கு மேலே பாரம் தாங்க நீங்கள் வைத்த லிண்டல் கல் ஒரு மீற்றர் பத்து நீளம்! பக்கத்துக்குப் பதினொன்று வெட்டினாலும், பக்கத்துக்குப் பத்தொன்பது சுவரில் ஊன்றி நிற்கும். தலையை உள்ளே விட்டு மேலே பார்த்தேன். அத்தனை செங்கல்லும் அந்த ஒற்றைக் கல்லின் மேல். அவற்றுக்கும் அப்பால் உள்ளங்கையளவு வானம். இவ்வளவு நீளம் ஏன் வைத்தீர்கள்? இப்படி ஒரு நாள் வரும் என்று தெரியுமா?

அன்றைக்குத்தான் உடைக்கப்போகிறோம் என்று சொல்லாமல், அண்ணியை ஊன்ட்றொப்பில் இருக்கும் அம்மன் கோயிலுக்கு அனுப்ப ஒழுங்கு செய்திருந்தேன். கார் வாசலில் நிற்க, கோட்டோடு உள்ளே வந்துவிட்டார்.

"தம்பி, என்னைக் கோயிலுக்குக் கலைச்சுப்போட்டு இதை உடைக்கப் பாத்தனீரோ?"

உங்கள் கைவேலை, மனம் நோகும் என்று ஏதோ முணுமுணுத்தேன்.

"அவர் கல்லு வைக்க, சீமெந்து குழைச்சுக் குடுத்தது ஆர்? இதில பாதி என்ர. கொண்டாங்கோ சுத்தியலை."

முதற்கல்லை அண்ணிதான் பெயர்த்தார். மூன்றாவது அடியில் வந்தது. லிண்டலின் நீளத்தைக் காட்டினேன். "வெட்டப் பஞ்சி, சோம்பல். கல்லு கிடந்த நீளத்திலேயே வைச்சவர்," என்றார். அப்படியா, அண்ணை? என்னால் நம்ப முடியவில்லை.

புகைபோக்கிகளைச் சோதிக்கும் அதிகாரி வந்து சரி என்று கையெழுத்து வைத்துவிட்டார். அண்ணி இப்போது அந்த அறையில்தான் இருக்கிறார்.

எதை அண்ணி தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்று இனி அவரைக் கேளாமல் முடிவெடுக்கமாட்டேன். மேலே மூன்றாவதாக எழுதியது பிழை.

உங்கள் கடைசித் தம்பி,
நடராசன்