உலக்கைச் சத்தத்துக்குள்

உக்குவெல,
18.03.1972

அன்புள்ள தம்பி ரவூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உம்மாவும் இங்கே சுகம். நீயும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்று தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டிருக்கிறோம். உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. உம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே என் அறைக்குள் கொண்டுவந்து தந்தார்.

உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஐந்து பக்கமும் ஓட்டம். படிக்கப் போன பிள்ளை பாடத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருப்பான் என்று தேடிப் பார்த்தேன், இல்லை. பொஸ்டனில் வாப்பா பிறப்பதற்கு முன்னிருந்தே நடக்கிற பெரிய ஓட்டமாம். இருபத்தாறு மைல் என்றால் உம்மாவுக்கு விளங்கவில்லை. இங்கிருந்து கண்டிக்கு ஓடிப் போய், அங்கே ஒரு தேத்தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பி ஓடி வருகிற தூரம் என்று சொன்னேன். உம்மா, "அந்த ஊருல பஸ் இல்லியா? புள்ளய யாரு தொரத்துற?" என்று கேட்டார். இதற்கு நீயே பதில் எழுது.

ஓடுவது இதுதான் முதல் தடவை என்று எழுதியிருந்தாய். அப்படிச் சொல்லாதே தம்பி. முதல் மணி அடித்த பிறகு எழும்பி, கையில் சேர்ட்டோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடியவன் நீ. உன் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு உனக்கு முன்னால் ஓடியவள் நான். அதை அங்கே யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாய்.

கையுறை இல்லாமல், காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு பனிக்குள் ஓடிப் பழகுகிறாய் என்று வாசித்ததும் உம்மா அழுதார். மற்றவர்களுக்கு நெஞ்சில் குத்திக்கொள்ள இலக்கம் கொடுக்கிறார்கள், முன்பு எங்கும் ஓடாதவன் என்பதால் எனக்குத் தரமாட்டார்கள், கூட்டத்தின் வாலில் சேர்ந்து ஓடுவேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றிக் கவலைப்படாதே. தூரம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

ஒரு பந்தியை மட்டும் நான் உம்மாவுக்கு வாசிக்கவில்லை. இந்த வருஷம்தான் பெண்களுக்கும் இலக்கம் கொடுத்து ஓட விடுகிறார்கள் என்றும், முன்பு ஒரு பெண் பாதையோரப் பற்றைக்குள் ஒளிந்திருந்து ஆண்களோடு சேர்ந்து ஓடினாள் என்றும் எழுதியிருந்தாயே, அதை. அதை நான் தனியாக, திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒளிந்திருந்தபோது அவளுக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும் போல இருந்தது.

என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? உன் மச்சான் ஸமத் மௌத்தான நாளிலிருந்து இத்தா இருக்கிறேன், விதவைக்கு விதித்த நாலு மாதமும் பத்து நாளும் அறைக்குள். இன்னும் நாலு கிழமை கிடக்கிறது. வெள்ளைச் சாரி, ஜன்னலுக்குப் பழைய போர்வை, வாசலுக்குத் திரை. ரயில் வருவது கேட்கும், தெரியாது. மழை பெய்வதும் அப்படித்தான். ஸமத் கெட்ட மனுஷர் இல்லை, ரவூப். மூன்று வருஷத்தில் என்னை ஒரு சொல் ஏசியதில்லை. கடையை மூடிவிட்டு வந்தால் தேத்தண்ணீருக்குச் சீனி கூடப் போடச் சொல்வார், அவ்வளவுதான். அவருக்காக நான் உண்மையாகவே அழுதேன். அழுது முடிந்த பிறகும் அறை அப்படியே இருக்கிறது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அலுமாரிக்கும் வாசலுக்கும் இடையில் நடக்கிறேன். உம்மா தஸ்பீஹ் ஓதிக்கொண்டு நடக்கிறேன் என்று நினைக்கிறார்.

மஹ்ரூப் மாமா ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறார். உம்மாவின் கூடப்பிறந்தவர், மணமுடிக்க முடியாத மஹ்ரம்தானே, அறைக்குள் வரலாம். வந்து இருந்து சுகம் விசாரிக்கவும் செய்கிறார். ஆனால் ஒரு பேச்சை மட்டும் வெளியே போய், திரைக்கு அந்தப் பக்கம் நின்று உம்மாவிடம் சத்தமாகச் சொல்வார். "ஸெய்னுலாப்தீன் ஹாஜியார்ட வூட்டுல வெளக்கு வெக்க ஒரு கை இல்லாம ஈக்கிது ராத்தா" என்று. மறுநாள் ஹாஜியாரின் மகள் வட்டிலப்பம் கொண்டுவந்து தருவாள். அந்த மகளுக்கு என்னை விட வயது கூட. ஹாஜியாரின் சாதிக்காய் மூட்டை அடுக்கிய கிட்டங்கியைப் பற்றி மாமா சொல்லும்போது அவர் குரல் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் குரல் போல ஆகிவிடும். இத்தாவில் இருக்கிற பெண்ணிடம் கல்யாணப் பேச்சு எடுக்கக்கூடாது என்பது மார்க்கம். மாமா மார்க்கத்தை மீறவில்லை. திரையிடம் பேசுகிறார்.

இனி உன் கடிதத்தின் கடைசி மூன்று வரிக்கு வருகிறேன். ஐந்தாம் பக்கத்தின் அடியில், ஓடுவதற்குக் காலில் போடுகிற சப்பாத்தைப் பற்றி எழுதி முடித்து மிஞ்சிய இடத்தில் எழுதியிருந்தாய். வாப்பா இல்லாததால் ராத்தாவைக் கல்யாணம் செய்து கொடுக்கிற வலிகாரன் நான்தான், எனக்குப் பதிலாக நின்று நிகாஹை முடிக்க மாமா கையெழுத்துக் கேட்டு எழுதியிருந்தார், வைத்து அனுப்பிவிட்டேன், ஹாஜியார் நல்ல மனுஷராம் என்று. சப்பாத்துக்கு ஒரு பக்கம் முழுதும் எழுதினாய் தம்பி.

உன்னைக் கோபிக்கவில்லை. பொய், கோபம்தான். உன்னைப் படிக்க வைத்தவர் மாமா, அவர் கேட்டால் நீ எப்படி மறுப்பாய் என்றும் தெரியும். ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் கையெழுத்தைப் பற்றி இன்னொரு தடவை யோசி. வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை. உம்மாவுக்கு அரபு எழுத்தில் எழுதிய தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும், அதனால்தான் இவ்வளவாவது எழுத முடிகிறது.

ஓடுகிற நாளில் வெறும் வயிற்றோடு போகாதே. ஆயத்துல் குர்ஸி ஓதி நெஞ்சில் ஊதிக்கொள்.

உன் சுகத்தை நாடும் ராத்தா,
மஸூதா


உக்குவெல,
07.05.1972

என் அருமைத் தம்பி ரவூபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் வந்து சேர்ந்தது. நீ ஓடி முடித்துவிட்டாய் என்று வாசித்ததும் நான் சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டேன். குசினியிலிருந்து உம்மா பயந்து ஓடி வந்தார். நகம் இரண்டு கறுத்துக் கழன்றதையும் வாசித்துத் தொலைத்தேன், அதற்கு ஒரு அழுகை. உனக்காக பாத்திஹா ஓதிப் பாற்சோறு கொடுத்தோம்.

பாதித் தூரம் வரை பறந்து போனேன், பிறகு ஒரு மேட்டில் கால் இரண்டும் மரக்கட்டை ஆகி நடைபாதையில் குந்திவிட்டேன் என்று எழுதியிருந்தாய். யாரோ ஒரு கிழவி தோடம்பழத்துண்டு தந்ததையும், நெஞ்சில் இலக்கம் குத்திய ஒரு பெண் உன்னைத் திரும்பியும் பாராமல் கடந்து போனதையும், அவளைப் பார்த்த வெட்கத்தில் எழும்பி நடக்கத் தொடங்கியதையும் உம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். நீ போய்ச் சேரும்போது நேரம் குறிக்கிறவர்கள் மேசையை மடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். போகட்டும். ஓடி முடித்தவர்களுக்குக் கொடுத்த இறைச்சி ஹலால் இல்லை என்று வெறும் பாண் ரொட்டியைத் தின்றுவிட்டு வந்தாயே, அதுதான் உம்மாவுக்குப் பெரிய பெருமை. ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். நீ ஓடியதைக் கேட்டால்தான் சொல்கிறார்.

நீ ஓடியதற்கு முதல் நாள் என் இத்தா முடிந்தது. முழுகி, நிற உடுப்பு உடுத்தி, முற்றத்துக்கு வந்தேன். வெளிச்சத்தில் கண் கூசியது. மிளகுக் கொடி கூரைக்கு ஏறியிருந்தது. ரயில் பாதை வரைக்கும் போய் வர ஆசையாக இருந்தது, கேட்டேன். மாமா நல்ல காரியம் நடக்கப் போகிற வீடு, வெளியே திரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜன்னல் போர்வையைக் கழற்றினார்கள். வாசல் திரையைக் கழற்றவில்லை, எப்படியும் திரும்பத் தேவைப்படும் என்று.

தேவைப்பட்டது. மவ்லூது முடிந்த அடுத்த வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு நிகாஹ் பதிகிற லெப்பை காவின் புத்தகத்தோடு வந்தார். மாமா, இரண்டு சாட்சிகள். உள்ளே என்னைச் சுற்றிப் பெண்கள். உனக்கு ஞாபகம் இருக்கும், என் முதல் கல்யாணத்துக்கும் இதே லெப்பைதான், இதே திரைதான். அன்றைக்கு அவர் பொருத்தமா, சம்மதமா என்று கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் கலாசாலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்று சொல்ல நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் கல்யாணம் ஆகாத குமரின் மௌனம் சம்மதம் என்று லெப்பை எழுதிவிட்டார், பெண்கள் குரவை போட்டுவிட்டார்கள்.

இந்தத் தடவை எப்படியும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். இரவெல்லாம் அந்த ஒரு சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். லெப்பை கேட்டார், மர்ஹூம் அப்துல் காதர் மகள் மஸூதாவை ஸெய்னுலாப்தீனுக்கு நிகாஹ் செய்து தரப் பொருத்தமா என்று. இரண்டாம் தடவை கேட்டார். உம்மா என் தொடையைக் கிள்ளினார். மூன்றாம் தடவையும் கேட்டார். எனக்கு மூச்சு மட்டும்தான் வந்தது. பெண்கள் குரவைக்கு வாயைக் கூட்டிவிட்டார்கள்.

மாமா, "புள்ள வெக்கப்படுற, நீங்க எழுதுங்க லெப்பை" என்று சொன்னது கேட்டது. லெப்பையின் பேனை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் ஹாஜியார் வீட்டுச் சோறு நிறையச் சாப்பிட்டவர். பெரிய தைரியசாலியும் இல்லை. கன நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். பிறகு, "கொமருட மௌனந்தான் பொருத்தம் மஹ்ரூப். புருஷன் மௌத்தான பொண்ணு வாயால செல்லணும். நாளக்கி அல்லாஹ்ட முன்னுக்கு நான்தான் பதில் செல்லணும்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். மூடிய சத்தம் இந்தப் பக்கம் கேட்டது.

இப்படித்தான் தம்பி. ஒரு தடவை என்னைக் கொடுத்துவிட்ட அதே ஊமைத்தனம், இந்தத் தடவை என்னைக் காப்பாற்றியது. இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. நான் மறுக்கவில்லை, பேசாமல் இருந்தேன். அவ்வளவுதான்.

உன் பதில் அதற்கு மூன்றாம் நாள்தான் கிடைத்தது. கையெழுத்தைத் திருப்பி எடுத்தால் மாமாவின் முகத்தில் அடித்த மாதிரி ஆகும், உங்களுக்கு விருப்பமில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள் ராத்தா என்று எழுதியிருக்கிறாய். லெப்பையும் அதையேதான் சொல்கிறார். உம்மாவும் அதையேதான் சொல்கிறார், ஒரு சொல்லுத்தானே மகள், சொல்லிவிடு என்று. உம்மா கேட்பது மற்றச் சொல்லை. எல்லாருக்கும் என் வாய்தான் வேண்டும். பெரிய பிள்ளையான நாளிலிருந்து அதை மூடிவைக்கப் பழக்கியவர்களும் இவர்கள்தான்.

உம்மாவைக் குறை சொல்லவில்லை. நான் மௌத்தானால் உனக்கு யார் என்று கேட்டு இரவில் அழுகிறார். உனக்கு என்னதான் வேண்டும் என்றும் கேட்கிறார். அதற்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சக் காலம் யாருடைய வீட்டுக்கும் விளக்கு வைக்காமல் இருக்க வேண்டும். ரயில் பாதை வரைக்கும் போய் வர வேண்டும். இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

மாமா விடவில்லை. என்னோடு பேச்சில்லை, திரையோடு மட்டும் பேசுகிறார். வெட்கம் தெளியட்டும், இந்த மாதக் கடைசி வெள்ளிக்கு லெப்பையைத் திரும்பக் கூட்டிவருவேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கும் நான் பேசாமல் இருந்தால் அதற்கடுத்த வெள்ளி வருவார்கள். எத்தனை வெள்ளிக்கு ஒருத்தி பேசாமல் இருக்கலாம்? ஒருநாள் களைத்துப்போய், இவர்கள் போனால் போதும் என்று சரி சொல்லிவிடுவேன். எனக்கு அதுதான் பயம். நீ நடைபாதையில் குந்தியபோது, இனி எழும்பவே வேண்டாம், யாராவது வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் நான் உம்மாவுக்கு வாசிக்கவில்லை.

ஆகையால் இதைக் கேட்கிறேன். என் வயதுக்கு நான் உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இந்தக் கடிதம் கண்டதும் மாமாவுக்கு ஒரு தந்தி அடி. கொடுத்த பொறுப்பைத் திருப்பி எடுத்தேன், ரவூப் என்று அடித்தால் போதும். நீ அவர் முகத்தில் அடிக்கவில்லை, உன் ராத்தாவின் கையைப் பிடிக்கிறாய் என்று நினைத்துக்கொள். விலாசத்தில் சிலோன் என்று எழுதாதே, இந்த மாதத்தோடு நாட்டின் பெயர் மாறுகிறதாம். தபாலில் பிந்திவிடப் போகிறது.

தந்தி வராமலும் போகலாம். அதற்காக நானும் பழகுகிறேன் தம்பி. காலையில் உம்மா குசினிக்குப் பின்னால் மிளகாய் இடிப்பார். உலக்கை விழுகிற நேரம் பார்த்து, அந்தச் சத்தத்துக்குள் "வேணாம்" என்று சொல்லிப் பார்க்கிறேன். முதல் நாள் உதடு மட்டும் அசைந்தது. இப்போது எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு வருகிறது. நேற்று உம்மா உலக்கையை நிறுத்திவிட்டு, என்னவோ சொன்னாயா மகள் என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அல்லாஹ் உன் கால்களுக்குப் பெலனைத் தரட்டும். கழன்ற நகம் நல்லபடியாக முளைக்கட்டும். நீ ஓடிய நாளில் உனக்காக நான் கேட்ட துஆவை, அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை எனக்காக நீ கேள். உலக்கைச் சத்தம் இல்லாத வீட்டில் அந்தச் சொல் வெளியே வர வேண்டும் என்று கேள்.

உன்னையே நம்பியிருக்கும் ராத்தா,
மஸூதா