பொத்தான் விழுங்கிய கோழி

அன்பு மனைவிக்கு,

இங்கே நானும் மகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும், நீ பார்த்துக்கொள்கிற, படுக்கையில் கிடக்கும் அந்தப் பெரியவரும் அப்படியே இருக்க வேண்டும். உடம்பைத் தவிர மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நீ வேலை பார்க்கிற அந்த வீட்டில் உனக்குக் கிடைப்பது பத்து நிமிஷம். நான் ஆரம்பித்தால் நீ குறுக்கே கேட்பாய், நான் கத்துவேன், பத்து நிமிஷமும் போய்விடும். கடிதத்தில் என்னால் கத்த முடியாது. நடுவில் என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டிக்கொள், ஆனால் கடைசி வரை படி.

போன வாரம் மகளின் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். பட்டாணியை அடுத்த வகுப்புக்கு அனுப்புவதா, இதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைப்பதா என்று மாதக் கடைசியில் முடிவு செய்யப் போகிறார்களாம். பட்டாணி என்று எழுதவே கை தயங்குகிறது. நீ போனதிலிருந்து அவளை நான் பேபி என்றுதான் கூப்பிடுகிறேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

ஒரு வருஷமாகவே அவள் படிப்பில் பின்தங்கி வருகிறாள். உன்னிடம் மறைத்துவிட்டேன். பதினாலு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவனுக்குக் கண்ணைத் தவிர வேறென்ன தெரியும்? கண்ணில்தான் கோளாறு என்று நானே முடிவு கட்டினேன். மூன்று தடவை கடைக்குக் கூட்டிப் போய், நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னேன். எறும்பு மாதிரி இருக்கும் கடைசி வரியைக்கூட ஒன்று விடாமல் சொன்னாள். உன் பொண்ணு கண்ணுக்கு நம்ம கடையில வேலையே இல்லப்பா என்று முதலாளி சிரித்தார். அப்படியும் மனசு கேட்காமல் பவர் இல்லாத கண்ணாடி ஒன்றைப் பூப்போட்ட ஃபிரேமில் பொருத்திக் கொடுத்தேன். அதையும் மாட்டிக்கொண்டு ஒரு மாதம் படித்துப் பார்த்தாள், பாவம்.

இப்போது அங்கே புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார். படிக்கத் திணறுகிற பிள்ளைகளை, நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறையில் ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பார்க்கிறவர். தமிழ் பேசுகிறவர்தான். என் முன்னாலேயே பட்டாணியிடம் ஓர் ஆங்கிலக் கதைப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கடகடவென்று வாசித்தாள். ஒரு இடத்திலாவது தடுமாற வேண்டுமே! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இதற்காகவா லீவு போட வைத்தீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் டீச்சர் அவளிடம், அந்தப் பையன் ஏன் அழுகிறான் என்று கேட்டார். அவள் டீச்சரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் வாசித்த இரண்டு பக்கமும் ஒரு பையன் தன் நாயைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் தேடுகிற கதை. அதில் ஒரு வரிகூட அவளுக்குள் போகவில்லை.

வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று டீச்சர் கேட்டார். இங்கிலீஷ் மட்டும்தாங்க, தமிழ் மூச்சே விடறதில்ல என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியானால் இன்று காலையிலிருந்து அவளிடம் பேசியதைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். எழுந்திரு, குளி, சாப்பிடு, சீக்கிரம், ஷூ, பை. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் என்ன பேசுவீர்கள் என்றார். ஹோம்வொர்க், சாப்பிடு, தூங்கு. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமே அவ்வளவுதானே. நீ போன இந்த இரண்டரை வருஷமாக நம் பிள்ளையை இரண்டு கை விரல்களில் அடங்குகிற பேச்சில் வளர்த்திருக்கிறேன்.

டீச்சர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பொறுமையாகச் சொன்னார். எழுத்தைக் கூட்டிச் சத்தமாக்குவது படிப்பில் பாதிதானாம். அந்தச் சத்தம் போய் உட்கார, பிள்ளை மனசில் ஒரு இடம் ஏற்கனவே இருக்க வேண்டுமாம். ஆங்கிலம் பேசுகிற வீட்டுப் பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டே சேர்த்து வைத்திருக்கும். நம் பிள்ளை தமிழில் சேர்த்து வைத்திருந்தாள். தொலைவது, தேடுவது, ஏங்குவது எல்லாம் தமிழில் தெரிந்தவளுக்கு அதற்கு ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள் என்று காட்டிக்கொடுத்தால் போதும். அந்தத் தமிழையும் பாதியில் நிறுத்திவிட்டால், புது வார்த்தை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று கேட்டார். எனக்கு உன் ஞாபகம் வந்தது. அங்கே போன புதிதில், மருந்து பாட்டில்ல இருக்கிற எழுத்தெல்லாம் படிச்சுடறேங்க, எதுக்கு மருந்துன்னுதான் தெரியல என்று அழாத குறையாகச் சொன்னாயே. நான் கேலி செய்து சிரித்தேன். இதே விஷயத்தைத்தான் நீ அன்றைக்கே சொல்லியிருக்கிறாய்.

பிறகு டீச்சர் அந்த நாய்க் கதையைத் தமிழில் அவளுக்குச் சொன்னார். சொல்லி முடித்து, இப்போது வாசி என்றார். இந்த முறை மெதுவாக வாசித்தாள், தடுக்கித் தடுக்கி. நாய் பையன் கட்டிலுக்கு அடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது என்கிற இடம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்த உடனே பயந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

நீ கிளம்பிய சமயம் கடைக்கு வந்த ஒரு பேங்க் மேனேஜர், வீட்ல தமிழை நிறுத்திப் பாருங்க, ஆறே மாசத்துல பொண்ணு பொளந்து கட்டும் என்று சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். சமையலறைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் மூன்று கட்டம் போட்டேன். அவளுக்கு, எனக்கு, போனில் பேசும் உனக்கு. தமிழில் பேசினால் ஒரு கோடு. பத்துக் கோடு சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை பூங்கா கிடையாது. முதல் மாதம் அவள் பூங்காவுக்கே போகவில்லை. அப்புறம் கோடு குறைந்தது. இங்கிலீஷ் வந்துவிட்டது என்று நினைத்தேன். பேச்சே நின்றுபோனது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அன்று சாயங்காலம், பட்டாணி, இனிமே நாம தமிழ்லயே பேசலாம் என்றேன். அவள் போய் சாக்பீஸ் எடுத்து என் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தாள். ஈரத்துணியை எடுத்துக் கதவைத் துடைத்தேன். அவள் கட்டம், என் கட்டம் இரண்டையும் துடைத்துவிட்டு உன் கட்டத்துக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதில் ஒரே ஒரு கோடு. அழிக்காதீங்கப்பா, அன்னிக்குத்தான் அம்மா என்கிட்ட நிறையப் பேசினாங்க என்று தமிழில் சொன்னாள்.

உனக்கு ஞாபகம் இருக்கும். நீ போன இரண்டாவது ஞாயிறு. பொத்தான் விழுங்கிய கோழியின் கதையை அவளுக்கு ஆரம்பித்தாய். நான் பாதியில் போனைப் பிடுங்கி, நீயே புள்ளையைக் கெடுக்கறியா என்று கத்தினேன். அதற்குப் பிறகு உனக்குத் தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையில் சாப்பிட்டாயா, தூங்கினாயா, குட் கேர்ள் என்று நிறுத்திக்கொண்டாய். பத்து நிமிஷம் மூன்று நிமிஷமாயிற்று. அம்மாவுக்கு என்னோடு பேசப் பிடிக்காது என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நிறைய யோசித்தேன். உன்னிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துதான் எழுதினேன்.

அவளுக்காகத்தான் நீ அங்கே யாரோ ஒருவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருக்கிறாய். இங்கே நான் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. இந்த வருஷம் போனது போனதுதான், அதே வகுப்பில்தான் உட்கார்வாள் என்று எனக்குத் தோன்றுகிறது. டீச்சரும் இல்லை என்று சொல்லவில்லை.

இரண்டு நாளாக என்னிடம் ஒரே கேள்வி. கோழி தையல்காரர் கடை வாசலில் நிற்கிறது, தையல்காரர் கத்திரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டார், அப்புறம் என்ன ஆச்சு என்கிறாள். இரண்டரை வருஷமாக அந்தக் கோழியை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாதே என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. விட்ட இடத்திலிருந்து சொல். அவள் முதலில் ஆங்கிலத்திலேயே யெஸ், நோ என்று பதில் சொன்னாலும் நீ நிறுத்தாதே. பத்து நிமிஷமும் உங்கள் இருவருக்கும்தான், நான் போனைத் தொடமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க மட்டும் என்னை அனுமதி.

உன் கதையில் அந்தக் கோழி செத்துப்போகிறதா என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் என்றாலும், இந்த ஒரு தடவை அதைப் பிழைக்க வைத்துவிடு.

இப்படிக்கு,
கட்டத்தில் கோடு வாங்கிய உன் கணவன்