இரண்டாம் வாசகர்

இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு மறுபடி தலைச்சுற்றலா, ஏன் போனை எடுப்பதில்லை என்று சின்னவளிடம் கேட்டாயாம். தலை சரியாகத்தான் இருக்கிறது பெரியவனே. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், தெரியாத இடத்தில் அப்படி நினைத்துக்கொள்வதுதான் வழி. இங்கே எல்லோரும் இருக்கிறோம். இருக்கிறோம் என்பதற்கு முன்னால் "நலமாக" என்று எழுதி அடித்திருப்பதைப் பார்ப்பாய். கை தவறியது இல்லை, திருத்தம். போனில் என்றால் நீ வேகமாகப் பேசுவாய், நான் கடைசியில் சரிப்பா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் தாள்.

அப்பாவுக்கு வலது கண் அறுவை முடிந்தது. ஒரு மாதம் பஸ் ஓட்டக்கூடாது என்று டிப்போவில் நேரம் குறிக்கும் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒற்றைக் கண்ணால் கடிகாரத்தைப் பார்த்து எல்லா டிரைவர்களையும் தாமதம் என்கிறாராம். சின்னவள் பல் மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்துவிட்டாள், வீட்டில் யார் கொட்டாவி விட்டாலும் எட்டிப் பார்க்கிறாள். சமையலறைக் குழாயில் ஒழுக்கு நின்றுவிட்டது. இன்னொன்று, அப்பா வாசல் கதவின் பூட்டை மாற்றிவிட்டார். நீ கொண்டுபோன சாவி இனி இந்தக் கதவுக்குச் சேராது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "டிப்போல எல்லாரும் மாத்திட்டாங்க" என்றார். வேறு கடையில், பஸ் ஏறிப் போய், வாங்கி வந்திருக்கிறார். நம் கட்டடத்துக்குக் கீழேயே சாவிக்கடை இருக்கும்போது.

அந்தக் கடையை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஐந்து வயதில் நீ குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு அழுதாயே, செருப்புக்கூடப் போடாமல் மேலே ஓடி வந்தவர் அவர்தான். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ள இருக்கற ராஜா கதவைத் திறந்தா வெளியே இருக்கற சேவகனுக்கு வேலை மிச்சம் என்று பேசிப் பேசியே உன் அழுகையை நிறுத்தினார். அன்றிலிருந்து உனக்குத் திறப்பு மாமா. என்னை அக்கா என்று கூப்பிடுவதால் உன்னை மருமகன் என்பார். அவர் குடும்பம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பேசியதில்லை. நான்கு மாதத்துக்கு முன்புவரை.

நீ வேலை செய்கிற அந்த எழுத்து இணையதளத்தில்தான் ஒரு கட்டுரை வந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற உங்கள் தளம். தலைப்பு "உங்கள் சாவி எத்தனை?" ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் உங்களுக்கு ஒரு சாவி வெட்டும்போது தங்களுக்கு எத்தனை வெட்டிக்கொள்கிறார்கள், யோசியுங்கள் என்று போகிறது. தபால் நிலையத்துக்கு எதிரே, நீல ஷட்டர் போட்ட கடை என்று அடையாளமும் இருக்கிறது. பெயர் இல்லை. கடைசி வரி, "கதவு உங்களுடையது, இரவு யாருடையது?" பத்து நாளில் தெரு முழுவதும் படித்துவிட்டது. சாவி வெட்டக் கொடுத்தவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் மாமாவைச் சட்டைப்பையைக் காட்டச் சொன்னார். காட்டினார். பீடிக்கட்டும் மூக்குக்கண்ணாடியும்தான் இருந்தன.

அவர் உங்கள் தளத்துக்குப் புகார் எழுதினார். வந்த பதிலைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார், கட்டுரையும் கூட இருந்தது. உங்கள் மொழி அறிந்த வாசகர்கள் இருவர் இப்பதிவை முழுவதுமாக வாசித்தனர், விதிமீறல் ஏதும் இல்லை என இருவரும் கருதுகின்றனர் என்று இருந்தது. "ரெண்டு பேரு படிச்சாங்களாம்க்கா, முழுசா" என்றார். முழுசாப் படிச்சிருக்க மாட்டாங்க தம்பி, படிச்சிருந்தா விடுவாங்களா என்றேன். நான்தான் சொன்னேன். கட்டுரையை அப்போதுதான் முதன்முறையாக வாசித்தேன், அல்லது அப்படித்தான் நினைத்தேன். கடைசி வரி மட்டும் எங்கோ பார்த்ததுபோல இருந்தது. போகும்போது வாசற்படியில் நின்று, என் மருமகன் அங்கதானே இருக்கான், அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன் என்றார்.

சொன்னேன். அன்றைக்கே. "அது வேற டீம்மா, என்கிட்ட வராது" என்றாய். நான் நம்பினேன். அவரிடம் போய் அதையே சொன்னேன். அவரும் நம்பினார். பதினாறு நாள் கழித்துக் கடையை உடைத்தார்கள். பட்டப்பகல், தபால் நிலையத்தில் வரிசை நின்றுகொண்டிருந்தது. ஷட்டரை வளைத்து, ஆணியில் தொங்கிய சாவிப் பலகைகளைப் பிடுங்கி நடுரோட்டில் கொட்டினார்கள். ஆயிரம் வெட்டாத சாவிகள் இருக்கும். காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் வராதா என்று யாரோ யோசனை சொன்னார்கள். பித்தளை காந்தத்துக்கு வராது. அவரும் அவர் மனைவியும் நானும் குனிந்து கையால் பொறுக்கினோம். ஒரு பஸ் வந்து நின்று, ஹார்ன் அடித்து, பிறகு சாவிகளின் மேலேயே ஏறிப் போனது. அப்பாவுக்குத் தெரிந்த டிரைவர்.

அதற்குப் பிறகு உன் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு பாராட்டு வந்தது. போன செவ்வாய்க்கிழமை, மின்னஞ்சலில், ஓரத்தில் பூ போட்டு. இந்த ஆண்டு நாற்பத்தொரு பதிவுகளை இரண்டாம் வாசகராக முழுவதும் வாசித்து ஒப்புதல் அளித்தமைக்கு நன்றி என்று. என் முழுப்பெயர். ஏதோ ஏமாற்று வேலை என்று அழிக்கப் போனேன், சின்னவள் தடுத்து, திரையைக் கீழே நகர்த்திக் காட்டினாள். நாற்பத்தொரு தலைப்புகள். இருபத்தெட்டாவது, "உங்கள் சாவி எத்தனை?" ஒப்புதல் என்ற இடத்தில் ஒரு பச்சைக் குறி.

நீ அனுப்பிய கோப்புகள் அவை. அச்சகத்தில் ஆள் குறைத்தபோது என்னையும் அனுப்பினார்களே, அந்த மாதம்தான் நீ கேட்டாய். கம்பெனியில் நம்ம மொழிக்கு ஒரு பிழைதிருத்தி செய்யறாங்க, தப்புகளைக் குறிச்சு அனுப்பும்மா, உன்னைவிட்டா யாரு இருக்கா. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். காலையில் தலைவாரி, மேசையைத் துடைத்து, வேலைக்குப் போவதுபோல உட்கார்ந்தேன். உன் கோப்புகளை அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் எப்படிப் பார்த்தேனோ அப்படியே பார்த்தேன், கடைசி வரியில் தொடங்கி மேலே ஏறி. அப்போதுதான் சொல் சொல்லாக நிற்கும், கதை நம்மை இழுத்துக்கொண்டு ஓடாது. பொருளை விட்டால்தான் பிழை தெரியும். இது வெளியில் யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பாயே, எங்கம்மா துப்பறியும் கதையில கொலைகாரனை முதல்ல பிடிச்சிடுவாங்க, கொலை நடந்ததுதான் தெரியாது என்று.

அப்புறம் அவர் கொடுத்த தாளை எடுத்து, நான் குறித்து அனுப்பிய கோப்போடு வைத்துப் பார்த்தேன். பதினேழு பிழைகள். பதினேழும் அப்படியே இருக்கின்றன. பிழைதிருத்தி என்று ஒன்று இல்லவே இல்லை, அப்படித்தானே. நான் உட்கார்ந்திருந்த அந்த வேலையும் இல்லை. என் பெயரை இரண்டாம் வாசகர் என்று பதிந்து, நான் திருப்பி அனுப்பியதையெல்லாம் ஒப்புதல் ஆக்கியிருக்கிறாய்.

வெள்ளிக்கிழமை போனில் நீ சொன்னதை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறேன். நாளுக்கு முந்நூறு புகார் வருகிறது, வேறு டீம் எதுவும் இல்லை, நம் மொழிக்கு முதல் வாசகர் நீ ஒருவன்தான். இரண்டு வாசகர்கள் ஒத்துப்போனால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மாறுபட்டால் கூட்டம், மொழி தெரியாத பத்துப் பேருக்கு ஒவ்வொரு வரியாக விளக்க வேண்டும். நான் ஒன்றுதான் கேட்டேன், நீயாவது படித்தாயா என்று. படிக்கவில்லை என்று சொல்லிவிடமாட்டாயா என்று இருந்தது. சோம்பேறி மகனை எனக்கு வளர்த்துப் பழக்கம். "படிச்சேன்மா. மாமா கடைன்னு தெரிஞ்சுது. ஆனா பேரு சொல்லலையே, கேள்விதானே கேட்டிருக்காங்க. விதிப்படி எடுக்க முடியாது." அப்படியானால் ஏன் ஒழுங்காகப் படிக்கிற ஒருவரிடம் அனுப்பவில்லை என்று கேட்டேன். படிக்கிறவர் மாறுபட்டிருப்பார். உனக்கு வேண்டியிருந்தது வாசகர் இல்லை. கீழிருந்து மேலே போகிற ஒரு கண்.

உன் விதியைப் பற்றி நான் சண்டை போடவில்லை, அது சரியாகக்கூட இருக்கலாம், அதற்குத்தான் இரண்டாவது ஆள் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். என் தொழிலை எடுத்து அந்த இடத்தை அடைத்துவிட்டாய். வெளியாள் யாராவது செய்திருந்தால் ஏமாற்றினான் என்று சொல்லி முடித்திருப்பேன். நீ என்னும்போது அந்தச் சொல் பாதியில் நின்றுவிடுகிறது, வேறு சொல்லும் கிடைக்கவில்லை. அவரிடம் நான் சொன்னது உண்மையாகிவிட்டது பார். முழுசாப் படிச்சிருக்க மாட்டாங்க.

சனி ஞாயிறு இரண்டு நாளும் நாற்பத்தொன்றையும் மேலிருந்து கீழாக வாசித்தேன். இருபத்தொன்பதில் ஒன்றுமில்லை, யாரோ யாரையோ பிடிக்காமல் கொடுத்த புகார். பன்னிரண்டை என் கை விட்டிருக்காது. ஒன்று ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியது. இன்று காலை உன் கம்பெனிக்கு, பாராட்டு வந்த அதே முகவரிக்கு எழுதிவிட்டேன். இரண்டாம் வாசகர் எதையும் பொருள் அறிந்து வாசிக்கவில்லை, அப்படி ஒரு பொறுப்பு தன்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது, நாற்பத்தொன்றையும் மறுபடி திறக்க வேண்டும், சாவிக் கட்டுரையை முதலில். உன் பெயரை எழுதவில்லை. கண்டுபிடிக்க அவர்களுக்கு அரைமணி ஆகாது என்று தெரிந்துதான் எழுதினேன். வேலை போனால் வீட்டுக்கு வா. கட்டில் அப்படியே இருக்கிறது, உன் போர்வையை வெயிலில் போட்டு மடித்து வைத்திருக்கிறேன்.

வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. முதுகுவலிக்கு அந்த நாற்காலியை மாற்று. ஒன்றைப் பார்த்துவிட்டேன் என்று கையெழுத்துப் போடும் முன் மேலிருந்து ஒருமுறை வாசி, அது வேலையாக இருந்தாலும் சரி, இந்தக் கடிதமாக இருந்தாலும் சரி. நீ நீண்ட நாள் இருக்க வேண்டும், நன்றாக இருக்க வேண்டும். கோபமாக இருக்கும்போதும் வேறு மாதிரி வேண்டிக்கொள்ள எனக்கு வரவில்லை. வரும்போது அழைப்புமணியை அடி.

உன்
அம்மா

உறையை ஒட்டுவதற்கு முன்னால் கீழே போனேன். ஷட்டர் பாதி வளைந்தபடி இருக்கிறது, அதற்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். இரண்டாவது ஆள் நான்தான் என்று அவரிடம் சொன்னேன், முதல் ஆள் நீ என்பதையும். அரத்தைத் துடைத்து வைத்தார். "எல்லாத்தையும் கடைசியிலேர்ந்தா படிச்சீங்க" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அப்பா மாற்றிய பூட்டின் சாவியைக் கொடுத்து இரண்டு வெட்டச் சொன்னேன். வெட்டினார். காசு வாங்கிக்கொண்டார், இத்தனை வருடத்தில் முதல் தடவை. ஒன்றை எடுத்துக்கொண்டேன். மற்றது உன்னுடையது. அதை இந்த உறையில் வைக்கவில்லை, அவர் பலகையிலேயே மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.