குரோம் சிலிண்டரும் கொஞ்சம் புகையும்

அன்புத் தம்பிக்கு,

நம் பந்தய பைக் இப்போது புகைவதில்லை. குரோம் பூசிய புது சிலிண்டரை நேற்று மறுபடி கழற்றினேன். பிஸ்டன் ரிங்கை நீ தலைகீழாக மாட்டியதால்தான் புகைகிறது என்று அன்றைக்கு உன்னைக் கிழித்தேன், நீயும் கோபித்துக்கொண்டு போனாய். நீ மாட்டியது சரியாகத்தான் இருந்தது. சிலிண்டர் வந்த பெட்டிக்குள் கிடந்த சீட்டை இப்போதுதான் படித்தேன். குரோம் சிலிண்டருக்குக் குரோம் ரிங் ஆகாதாம். அதைத் தேடிப்பிடித்து வாங்கிய மேதாவி யாரென்று உனக்கே தெரியும். இரும்பு ரிங் போட்டதும் புகை நின்றுவிட்டது.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அவனுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லும்மா."

"வெக்கமா இருக்குப்பா."

"அப்ப எழுதித் தொலை."

எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். ஓட்டுவதற்கு வேறு ஆள் பார்க்கவில்லை. உன் ஹெல்மெட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் அவசரக்குடுக்கை
அக்கா